சோனேபட்டில் விடப்படாத நுளம்புகள்

மேற்கு ஆபிரிக்க நாடான புர்கினா பாசோவின் இராணுவ அரசாங்கம் 2025 ஆகஸ்ட் மாதத்தின் பிற்பகுதியில் பிறப்பித்த உத்தரவொன்று, உலகப் பத்திரிகைகளில் பெரிதாகக் கவனிக்கப்படாத ஒரு செய்தியாகக் கடந்துபோனது. மரபணு மாற்றப்பட்ட நுளம்புகளைக் கொண்டு மலேரியாவைக் கட்டுப்படுத்துவது குறித்து அந்நாட்டில் பல வருடங்களாக ஆராய்ந்துவந்த 'டார்கெட் மலேரியா' என்ற சர்வதேச ஆராய்ச்சித் திட்டத்தின் சகல நடவடிக்கைகளையும் உடனடியாக நிறுத்துமாறு அந்த உத்தரவு கூறியது. அதற்குச் சில தினங்களுக்கு முன்னர்தான் ஒரு கிராமத்தில் ஆராய்ச்சியாளர்கள் நுளம்புகளை விட்டிருந்தார்கள். திட்டத்துக்கு நிதி வழங்குபவர்களில் பில் கேட்ஸின் மன்றம் பிரதானமானது. வெளிநாட்டுப் பணத்தில் எமது மண்ணில் எதற்காக இந்தப் பரிசோதனை என்று கேட்டவர்களின் குரல் ஆட்சியாளர்களின் காதில் விழுந்தது. ஆய்வுகூடத்தில் இருந்த நுளம்பு மாதிரிகளை அழித்துவிடுமாறும் பணிக்கப்பட்டது.

செய்தியை வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது 1974 – 75 காலப்பகுதியில் புதுடில்லியில் நடந்த ஒரு விவகாரம். பத்திரிகைத் தொழிலில் நீண்டகாலம் இருந்தவர்களுக்கு அது ஒரு செய்தி ஸ்தாபனத்தின் துணிச்சலான செய்தியாக நினைவிலிருக்கக்கூடும். நுளம்பு ஆராய்ச்சியாளர்கள் மத்தியிலோ, பத்திரிகைகளினால் பாழாக்கப்பட்ட ஒரு நல்ல முயற்சி என்று அது இன்றும் பேசப்படுகிறது. இரண்டில் எது சரி என்று கேட்டால் ஒரு வரியில் பதில் சொல்ல முடியாது. ஆனால், புர்கினா பாசோவில் நடந்ததை விளங்கிக்கொள்வதற்கு டில்லியில் நடந்ததைத் தெரிந்திருப்பது அவசியம் என்று நினைக்கிறேன்.

பூச்சிகளைக் கொண்டே பூச்சிகளை ஒழிக்கலாம் என்ற யோசனைக்குச் செயல்வடிவம் கொடுத்தவர் அமெரிக்க விவசாயத் திணைக்களத்தின் பூச்சியியலாளர் எட்வர்ட் நிப்ளிங். கால்நடைகளின் புண்களில் முட்டையிட்டு அவற்றை உயிருடன் அரிக்கும் ஒருவகை ஈ அமெரிக்காவின் தென்பகுதிப் பண்ணைகளைச் சூறையாடிக்கொண்டிருந்தது. அந்த ஈயின் பெண் வாழ்நாளில் ஒரு தடவை மாத்திரமே இணைசேரும் என்பதை நிப்ளிங் கவனித்தார். அப்படியானால், கதிர்வீச்சினால் மலடாக்கப்பட்ட ஆண் ஈக்களைப் பெருந்தொகையில் வெளியில் விட்டால், அவற்றுடன் சேரும் பெண் ஈக்கள் இடும் முட்டைகள் பொரிக்கப்போவதில்லை. 1954 இல் கரீபியன் கடலில் உள்ள குராசோ தீவில் இது பரிசோதிக்கப்பட்டது. சில மாதங்களில் அந்தத் தீவில் ஈ இல்லாமற் போயிற்று. 1950களின் இறுதிக்குள் அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களிலும் அது துடைத்தெறியப்பட்டது. நஞ்சு தெளிக்காமல் ஒரு பீடையை ஒழித்த அந்த வெற்றி விஞ்ஞான உலகைக் கிறங்கடித்தது என்றே சொல்லவேண்டும்.

ஈக்குச் சரிவந்தது நுளம்புக்குச் சரிவராதா? ஜேர்மன் விஞ்ஞானி ஹன்னஸ் லாவென் 1967 இல் பர்மாவின் ரங்கூன் நகருக்கு அருகில் உள்ள ஒக்போ என்ற சிறிய கிராமத்தில் இதைச் செய்துகாட்டினார். யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ் நுளம்புதான் அவரது இலக்கு. அவர் கதிர்வீச்சைப் பயன்படுத்தவில்லை. வேறொரு பிரதேசத்தைச் சேர்ந்த கியூலெக்ஸ் ஆண்கள் உள்ளூர்ப் பெண்களுடன் சேர்ந்தால் முட்டைகள் பொரிக்காது என்பதை அவர் கண்டறிந்திருந்தார். அத்தகைய ஆண்களை நாள்தோறும் விட்டு, சில மாதங்களில் கிராமத்தின் கியூலெக்ஸ் நுளம்புகளை ஒழித்தார். முட்டைகள் பொரிக்காததற்குக் காரணம் நுளம்பின் உயிரணுக்களுக்குள் வாழும் வொல்பாக்கியா என்ற பக்டீரியா என்பது 1971 இல்தான் தெரியவந்தது. இந்தப் பெயரை வாசகர்கள் நினைவில் வைத்திருப்பது நல்லது. அது பின்னர் கொழும்புக்கும் வரவிருக்கிறது.

ஒக்போவின் வெற்றிக்குப் பின்னர் உலக சுகாதார ஸ்தாபனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் 1969 இல் ஒரு உடன்படிக்கையைச் செய்தன. அதன் பிரகாரம் புதுடில்லியில் அமைக்கப்பட்டதுதான் நுளம்புகளின் மரபியல் கட்டுப்பாட்டுக்கான ஆராய்ச்சிப் பிரிவு. பணம் அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையிடமிருந்து வந்தது. அதுவும் டொலராக வரவில்லை. அமெரிக்கா பி.எல். 480 சட்டத்தின் கீழ் இந்தியாவுக்கு அனுப்பிய கோதுமைக்கு ஈடாக இந்தியா ரூபாவில் செலுத்திய பணம் அமெரிக்காவின் கணக்கில் மலைபோலக் குவிந்துகிடந்தது. அந்த ரூபாவை இந்தியாவுக்குள்ளேயே செலவிட்டாக வேண்டும். (1974 பெப்ரவரியில் அமெரிக்கத் தூதுவர் டானியல் மொய்னிகான் 1,664 கோடி ரூபாவுக்கு ஒரே காசோலையை எழுதி இந்திய அரசாங்கத்திடம் கையளித்து அந்தக் கணக்கின் பெரும்பகுதியைத் தீர்த்துக்கொண்டார். அது அந்நாளில் உலகின் மிகப்பெரிய காசோலைகளில் ஒன்றாகப் பேசப்பட்டது.) ஆக, பசிக்கு வாங்கிய கோதுமையின் விலையில் நுளம்பு வளர்க்கப்பட்டது.

அந்தப் பிரிவு மூன்று வகை நுளம்புகளை ஆராய்ந்தது. யானைக்கால் நோயைப் பரப்பும் கியூலெக்ஸ், நகர்ப்புற மலேரியாவைப் பரப்பும் அனோபிலிஸ் ஸ்டீபன்ஸி, டெங்கையும் மஞ்சள் காய்ச்சலையும் பரப்பும் ஈடிஸ் ஈஜிப்டி ஆகியவையே அவை. முதலில் கியூலெக்ஸ். 1970களின் முற்பகுதியில் டில்லியைச் சுற்றியுள்ள கிராமங்களில் மலடாக்கப்பட்ட ஆண் நுளம்புகள் இலட்சக்கணக்கில் விடப்பட்டன. கூட்டுப்புழுப் பருவத்திலேயே அவற்றைத் தயோடெப்பா என்ற இரசாயனக் கரைசலில் அமிழ்த்தி மலடாக்கினார்கள். தயோடெப்பா புற்றுநோய்ச் சிகிச்சையில் பயன்படும் மருந்து. அதேவேளை அதுவே புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஒரு பொருளும்கூட. நுளம்பின் உடலில் எஞ்சியிருக்கும் அளவு அற்பமானது என்று விஞ்ஞானிகள் கருதினார்கள். அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால், அந்தப் பொருளைப் பற்றிய கேள்வி ஊரவர்களின் குடிநீருடன் சம்பந்தப்பட்ட கேள்வி என்பதால் அதை ஆய்வுகூடத்துக்குள் வைத்தே தீர்த்துவிட முடியாது.

பரிசோதனையின் பெறுபேறு ஒக்போவைப் போல அமையவில்லை. விடப்பட்ட ஆண்கள் இணைசேர்ந்தன. பொரிக்காத முட்டைகளின் வீதமும் நன்றாகவே உயர்ந்தது. ஆனால், ஏற்கெனவே இணைசேர்ந்துவிட்ட பெண் நுளம்புகள் அயற் பிரதேசங்களில் இருந்து கிராமங்களுக்குள் பறந்துவந்து முட்டையிட்டுக்கொண்டிருந்தன. தீவில் சாத்தியமானது திறந்த சமவெளியில் சாத்தியமாகவில்லை. நுளம்புக்கு எல்லைக்கல் தெரியாது என்ற பாடத்தை விஞ்ஞானிகள் அங்கு கற்றுக்கொண்டார்கள். அரசியல்வாதிகள் அதே உண்மையை வேறு விதமாக விளங்கிக்கொண்டார்கள்.

அடுத்த கட்டமாக ஈடிஸ் நுளம்பை விடுவதென்று திட்டமிடப்பட்டது. இடம், டில்லிக்கு வடக்கே ஹரியானா மாநிலத்தில் உள்ள சோனேபட் நகரம். காலம், 1975 முற்பகுதி. நுளம்புகளைப் பெருந்தொகையில் வளர்ப்பதற்கான ஏற்பாடுகள் தயாராகிவிட்டன.

அந்தக் காலத்து டில்லியின் மனநிலையைச் சற்று நினைத்துப்பார்க்க வேண்டும். 1971 டிசம்பரில் பங்களாதேஷ் யுத்தத்தின்போது அமெரிக்காவின் ஏழாவது கடற்படைப் பிரிவின் 'என்டர்பிரைஸ்' விமானந்தாங்கிக் கப்பல் வங்காள விரிகுடாவுக்குள் வந்தது. இந்தியர்கள் அதை மறக்கவில்லை. 1974 மே மாதம் பொக்ரானில் இந்தியா அணுகுண்டுப் பரிசோதனையை நடத்தியது. இரு நாடுகளுக்கும் இடையிலான உறவு மேலும் கசந்தது. வெளிநாட்டுச் சதி என்ற சொல் இந்திரா காந்தியின் மேடைப்பேச்சுக்களில் அடிக்கடி ஒலித்தது. அமெரிக்கப் பணத்தில் வெளிநாட்டவர்கள் தலைநகரின் வாசலில் நுளம்பு வளர்க்கிறார்கள் என்ற செய்தி அப்படியொரு வேளையில் வந்து விழுந்தால் என்ன நடக்கும்?

1974 நடுப்பகுதியில் அது வந்து விழுந்தது. பி.ரி.ஐ. செய்தி ஸ்தாபனத்தின் விஞ்ஞானச் செய்தியாளராக இருந்த கே.எஸ். ஜெயராமன் எழுதிய செய்தியே விவகாரத்தைப் பகிரங்கத்துக்குக் கொண்டுவந்தது. சக்கரவர்த்தி ராகவன் அந்த ஸ்தாபனத்தின் தலைமை ஆசிரியராக இருந்த காலம் அது. செய்தியின் மையமான கேள்வி எளிமையானது. இந்தியாவில் மஞ்சள் காய்ச்சல் இல்லை. ஆனால், அதைப் பரப்பக்கூடிய ஈடிஸ் நுளம்பு நாடு முழுவதும் இருக்கிறது. அந்த நோய்க்கிருமி ஒருநாள் இந்தியாவுக்குள் நுழைந்தால் தடுப்பூசி போடாத கோடிக்கணக்கான மக்கள் அதற்கு இரையாகக்கூடும். இந்தியாவை வாட்டிக்கொண்டிருப்பது மலேரியாவும் யானைக்கால் நோயும். அப்படியிருக்க, ஈடிஸ் நுளம்பு எவ்வளவு தூரம் பறக்கிறது, எத்தனை நாள் வாழ்கிறது, ஒரு நகரத்துக்குள் எவ்வாறு பரவுகிறது என்ற தரவுகளில் அமெரிக்கப் பணத்துக்கு ஏன் இவ்வளவு அக்கறை? அந்தத் தரவுகளினால் பயனடையப்போவது இந்தியாவின் பொதுச் சுகாதாரமா, இல்லாவிட்டால் உயிரியல் ஆயுதங்கள் குறித்துச் சிந்திக்கும் ஒரு வல்லரசின் இராணுவமா?

விவகாரம் பாராளுமன்றத்துக்குப் போனது. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சியைச் சேர்ந்த ஜோதிர்மோய் பாசு அப்போது பொதுக் கணக்குக் குழுவின் தலைவர். கணக்குகளை ஆராயவேண்டிய அந்தக் குழு நுளம்பை ஆராயப் புறப்பட்டது. அத்துடன் நிற்காமல், பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அமெரிக்க இராணுவத்தின் நிதியுடன் மேற்கொண்ட வலசைப் பறவைகள் பற்றிய ஆய்வு உட்பட வெளிநாட்டு உதவியுடனான வேறு ஆராய்ச்சிகளையும் அது கிளறியது. 1975 ஏப்ரலில் வெளியான அதன் 167வது அறிக்கை, இந்தத் திட்டங்களினால் இந்தியாவுக்குக் கிடைத்த பயனைவிட வெளிநாடுகளுக்குக் கிடைத்த தரவுகளே பெறுமதியானவை என்ற தொனியில் கடுமையாக எழுதப்பட்டிருந்தது. சோனேபட் பரிசோதனை ஆரம்பிக்கும் தறுவாயில் அரசாங்கத்தினால் நிறுத்தப்பட்டது. 1975 ஜூன் மாதத்துடன் அந்தப் பிரிவும் மூடப்பட்டது.

உயிரியல் ஆயுதம் பற்றிய சந்தேகம் வெறும் கற்பனையா? டில்லிப் பிரிவு ஆயுத ஆராய்ச்சி செய்தது என்பதற்கு எந்த ஆதாரமும் அன்றும் முன்வைக்கப்படவில்லை, அதற்குப் பிறகு கடந்த அரை நூற்றாண்டிலும் வெளிவரவில்லை. அதன் ஆய்வுகள் பகிரங்கமான சஞ்சிகைகளில் பிரசுரமாகின. அங்கு பணியாற்றியவர்களில் பெரும்பாலானோர் இந்திய விஞ்ஞானிகள். மறுபுறத்தில், நுளம்பை ஆயுதமாக்கும் எண்ணம் அமெரிக்க இராணுவத்துக்கு வந்ததே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. 1955 இல் ஜோர்ஜியா மாநிலத்தின் சவான்னா பகுதியில் நோய்க்கிருமி ஏற்றப்படாத ஈடிஸ் நுளம்புகளை அந்த இராணுவம் இலட்சக்கணக்கில் விட்டு, அவை எவ்வாறு பரவி மனிதர்களைக் கடிக்கின்றன என்று பரிசோதித்தது. அதற்கு அவர்கள் சூட்டிய பெயர் 'பிக் பஸ்', பெரிய ரீங்காரம். தமது சொந்த நாட்டு மக்கள் மீதே அப்படிச் செய்தார்கள். ஜனாதிபதி நிக்ஸன் 1969 நவம்பரில் உயிரியல் ஆயுதங்களைக் கைவிடுவதாக அறிவித்தார் என்பதும், அவற்றைத் தடைசெய்யும் சர்வதேச சமவாயம் 1975 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது என்பதும் உண்மையே. ஆனால், 1974 இல் டில்லியில் இருந்த ஒரு செய்தியாளர் அந்த அறிவிப்பை அப்படியே நம்பவேண்டும் என்று எதிர்பார்க்க முடியுமா?

உலக சுகாதார ஸ்தாபனம் இதை எதிர்கொண்ட விதம்தான் காரியத்தை மேலும் கெடுத்தது என்பது எனது அபிப்பிராயம். கேள்விகள் எழுந்தபோது அது பேசவில்லை. விரிவான விளக்கத்தை அது தனது சஞ்சிகையில் வெளியிட்டபோது 1976 ஆகிவிட்டது; திட்டம் மூடப்பட்டுப் பல மாதங்கள் கழிந்துவிட்டன. பிரிட்டிஷ் விஞ்ஞான சஞ்சிகையான 'நேச்சர்' 1975 ஜூலையில் வெளியிட்ட கட்டுரையின் தலைப்பு 'ஓ புதுடில்லியே, ஓ ஜெனீவாவே' என்பதாகும். அந்த விளிப்பே போதும், பழி ஒரு தரப்பின் மீது மாத்திரம் போடப்படவில்லை என்பதைப் புரிந்துகொள்ள.

ஜெயராமனின் செய்தியைப் பற்றித் தொழில்ரீதியாக ஒன்றைச் சொல்லவேண்டும். அதற்குள் இரண்டு அம்சங்கள் இருந்தன. யார் பணம் கொடுக்கிறார்கள், இந்த நுளம்பை ஏன் தெரிவு செய்தார்கள், தரவுகள் யாரிடம் போகின்றன, பாராளுமன்றத்துக்கு இது தெரியுமா என்ற கேள்விகள் ஒன்று. இவை எல்லாவற்றுக்கும் ஆவணங்களில் பதில் இருந்தது. அந்தப் பதிலைப் பெறும் உரிமை மக்களுக்கு இருந்தது. மற்றது, இது உயிரியல் யுத்தத்துக்கான ஆயத்தமாக இருக்கலாம் என்ற அனுமானம். பத்திரிகைகள் இரண்டாவதைத்தான் தலைப்பாக்கின. அனுமானம் உருப்பெருத்துப்போனதால் கேள்விகள் பின்தள்ளப்பட்டன. உயிரியல் யுத்தக் குற்றச்சாட்டை மறுத்துவிட்டாலே போதும் என்ற வசதியான நிலை ஜெனீவாவுக்குக் கிடைத்தது. அந்தக் கிராமங்களில் இலட்சக்கணக்கான நுளம்புகளை விடுவதற்கு ஊரவர்களின் சம்மதத்தை யார், எவ்வாறு பெற்றார்கள் என்ற கேள்வி உயிரியல் யுத்தம் பற்றிய கூச்சலில் காணாமற்போனது. எனது பார்வையில் எல்லாவற்றையும்விடப் பாரதூரமானது அந்தக் கேள்வியே. அதைப் பொதுக் கணக்குக் குழுவும் தனது மையமான கேள்வியாக்கவில்லை, விஞ்ஞானிகளும் ஆக்கவில்லை. வல்லரசும் தேசிய அரசும் மோதிக்கொண்ட இடத்தில் கிராமவாசி வெறும் பரிசோதனைத் தளமாகவே இருந்தார்.

அந்த விவாதம் தொடர்வதற்கும் வழியில்லாமல் போயிற்று. 1975 ஜூன் 25 ஆம் திகதி இரவு இந்தியாவில் அவசரகால நிலை பிரகடனப்படுத்தப்பட்டது. பொதுக் கணக்குக் குழுவுக்குத் தலைமை தாங்கிய ஜோதிர்மோய் பாசு கைதுசெய்யப்பட்ட எதிர்க்கட்சித் தலைவர்களில் ஒருவர். பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. 1976 இல் பி.ரி.ஐ. உட்பட செய்தி ஸ்தாபனங்கள் எல்லாம் 'சமாச்சார்' என்ற ஒரே அமைப்புக்குள் கரைக்கப்பட்டன. வெளிநாட்டு நுளம்பிடமிருந்து நாட்டைக் காப்பாற்றியதாகக் கூறிக்கொண்ட அரசாங்கம், அந்த நுளம்பைப் பற்றி எழுதிய ஸ்தாபனத்தையும் விசாரித்த மனிதரையும் வாயடைக்கச் செய்தது.

மூடப்பட்ட பிரிவின் ஆளணியும் அனுபவமும் முற்றாக வீணாகவில்லை. அதன் தொடர்ச்சியாக 1975 இல் பாண்டிச்சேரியில் நோய்காவிகள் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி நிலையம் உருவானது. பாண்டிச்சேரி யானைக்கால் நோய்க்குப் பேர்போன ஊர். அங்கு பி.கே. ராஜகோபாலனின் தலைமையில் செய்யப்பட்ட வேலை பெரும்பாலும் மண்ணோடும் சாக்கடையோடும் சம்பந்தப்பட்டது. கழிவுநீர் தேங்கும் இடங்களை இல்லாமற் செய்வது, கிணறுகளையும் வடிகால்களையும் கவனிப்பது, அதற்கு ஊர் மக்களையே ஒழுங்குபடுத்துவது என்று அது நடந்தது. மரபியல் வித்தைகள் எதுவும் இல்லை. டில்லியில் பட்ட அடியின் பின்னர் வந்த ஒரு தெளிவு அதில் இருந்தது என்று நான் நினைப்பதுண்டு.

இங்கு ஒரு விடயத்தைத் தெளிவுபடுத்தவேண்டும். டில்லியில் விடப்பட்டவை இன்றைய அர்த்தத்தில் மரபணு மாற்றப்பட்ட நுளம்புகள் அல்ல. ஓர் உயிரினத்தின் மரபணுவை வெட்டி இன்னொன்றுக்குள் பொருத்தும் தொழில்நுட்பம் அப்போதுதான் ஆய்வுகூடங்களில் பிறந்துகொண்டிருந்தது. ஆனால், அதற்கான கனவு டில்லியிலேயே இருந்தது. அங்கு பணியாற்றிய பிரிட்டிஷ் மரபியலாளர் கிறிஸ் கேர்ட்டிஸ், நோயைப் பரப்பமுடியாத தன்மையை ஒரு நுளம்புக் குலம் முழுவதற்கும் புகுத்திவிடலாம் என்று 1968 இலேயே எழுதியிருந்தார்.

உண்மையான மரபணு மாற்ற நுளம்பு வெளியில் வர நாற்பது வருடங்கள் எடுத்தன. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்து பிறந்த 'ஒக்ஸிடெக்' என்ற கம்பனி, சந்ததிகள் வளர்ந்து முதிர்வதற்கு முன்னரே இறந்துவிடச் செய்யும் ஒரு மரபணுவை ஈடிஸ் நுளம்புக்குள் பொருத்தியது. ஆய்வுகூடத்தில் டெட்ராசைக்ளின் என்ற மருந்தைக் கொடுத்து அவற்றை உயிருடன் வளர்க்கலாம். வெளியில் அந்த மருந்து கிடைக்காமல் குடம்பிகள் இறக்கும். கேமன் தீவில் 2009, 2010 ஆம் ஆண்டுகளில் அவை விடப்பட்டன. 2010 இல் மாத்திரம் ஏறத்தாழ முப்பது இலட்சம். உள்ளூர் நுளம்புகள் 80 சதவீதம் அளவில் குறைந்ததாகக் கம்பனி கூறியது. ஆனால், உலகம் இதை அறிந்துகொண்டது 2010 நவம்பரில்தான். தீவின் அரசாங்கம் அனுமதித்திருந்தது, சட்டப்படி தவறில்லை. வெளியுலகின் விஞ்ஞானிகளே திகைத்துப்போனார்கள். தகாத அவசரத்தில் ஒருவர் செய்யும் காரியம் எல்லோருடைய ஆராய்ச்சிக்கும் கெட்டபெயரைத் தேடித்தரும் என்று அவர்கள் அஞ்சினார்கள்.

அதற்கு அடுத்த மாதமே மலேசியாவில் பஹாங் மாநிலத்தின் பெந்தோங் அருகே காட்டுப் பகுதியொன்றில் ஆறாயிரம் ஆண் நுளம்புகள் விடப்பட்டன. பரிசோதனை பிற்போடப்பட்டிருப்பதாகப் பத்திரிகைகள் எழுதிக்கொண்டிருந்தபோது அது ஏற்கெனவே நடந்து முடிந்துகொண்டிருந்தது. 2011 ஜனவரி பிற்பகுதியில்தான் பகிரங்க அறிவிப்பு வந்தது. கண்டனம் செய்த அமைப்புகளில் பினாங்கைத் தளமாகக் கொண்ட மூன்றாம் உலக வலையமைப்பும் ஒன்று. பி.ரி.ஐ.யை விட்டு விலகிய சக்கரவர்த்தி ராகவன் ஜெனீவாவில் இருந்து நீண்டகாலமாக வெளியிட்டுவந்த செய்தி ஏட்டின் வெளியீட்டாளர் அந்த அமைப்புத்தான். டில்லியில் கேட்கப்பட்ட அதே கேள்வி, ஏறத்தாழ அதே மனிதர்களின் வட்டத்தில் இருந்து, முப்பத்தாறு வருடங்களுக்குப் பின்னர் மீண்டும் எழுந்தது.

ஆபத்துக்கள் பற்றிய பேச்சில் மிகையும் உண்டு, உண்மையும் உண்டு. ஆண் நுளம்பு கடிக்காது. எனவே விடப்படும் ஆண்களினால் நேரடித் தீங்கு அநேகமாக இல்லை. ஆனால், சந்ததிகள் எல்லாம் இறந்துவிடும் என்ற வாக்குறுதிக்குள் ஒரு சிறிய விதிவிலக்கு இருந்தது. ஆய்வுகூடத்திலேயே நூற்றுக்கு மூன்று, நான்கு வீதமானவை மருந்தில்லாமலும் உயிர்பிழைத்தன. பிரேஸிலின் ஜாக்கோபினா நகரில் 2013 முதல் 2015 வரை நுளம்புகள் விடப்பட்ட பின்னர் அங்குள்ள நுளம்புகளை ஆராய்ந்த யேல் பல்கலைக்கழகக் குழுவினர், விடப்பட்ட நுளம்புகளின் மரபணுக் கூறுகள் உள்ளூர் நுளம்புகளுக்குள் கலந்திருப்பதைக் கண்டதாக 2019 இல் எழுதினார்கள். கட்டுரையின் சில முடிவுகள் ஆதாரத்தை மீறிச் செல்கின்றன என்று கம்பனி ஆட்சேபித்தது. கட்டுரையை எழுதியவர்களிலேயே சிலர் அதிருப்தி வெளியிட்டார்கள். சஞ்சிகையும் 2020 இல் ஓர் எச்சரிக்கைக் குறிப்பை இணைத்தது. கலப்பினால் தீங்கு ஏற்பட்டது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால், கலப்பு நடக்காது என்று நம்பியிருந்தவர்களுக்கு அது ஒரு செய்தி. கம்பனி பின்னர் அந்த நுளம்பு இனத்தைக் கைவிட்டு, பெண் குடம்பிகள் மாத்திரம் இறக்கும் இன்னொரு இனத்துக்கு மாறியது.

ஜனநாயக முறையில் இதைச் செய்யவே முடியாதா என்றால், ஓரளவுக்குச் செய்துகாட்டிய இடம் அமெரிக்காவின் பிளொரிடா கீஸ் தீவுகள். 2016 நவம்பரில் அங்கு மக்களிடம் வாக்கெடுப்பு நடத்தப்பட்டது. மாவட்டம் முழுவதிலும் பெரும்பான்மையானோர் ஆம் என்றார்கள். நுளம்புகளை விடுவதற்கு முதலில் தெரிவு செய்யப்பட்டிருந்த கீ ஹேவன் என்ற சிறிய குடியிருப்பின் மக்களோ வேண்டாம் என்று வாக்களித்தார்கள். இடம் மாற்றப்பட்டது, 2021 இல்தான் நுளம்புகள் விடப்பட்டன. பணக்காரத் தீவுவாசிகளுக்குக் கிடைத்த இந்த மரியாதை டில்லிக் கிராமவாசிக்கோ பெந்தோங்வாசிக்கோ கிடைக்கவில்லை என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது.

இவை எல்லாம் விடுவதை நிறுத்தினால் காலப்போக்கில் மறைந்துபோகும் நுளம்புகள். இப்போது ஆய்வுகூடங்களில் இருப்பது வேறு ரகம். ஒரு மரபணுவைப் பாதிச் சந்ததிகளுக்கு அல்லாமல் ஏறத்தாழ எல்லாச் சந்ததிகளுக்கும் கடத்தும் மரபணு உந்தல் முறை அது. லண்டன் இம்பீரியல் கல்லூரியின் விஞ்ஞானிகள் 2018 இல் ஒரு கூண்டுக்குள் இருந்த மலேரியா நுளம்புக் கூட்டத்தை 7 முதல் 11 தலைமுறைகளுக்குள் அழிந்துபோகச் செய்தார்கள். அதைக் காட்டில் விட்டால் திருப்பி அழைக்க முடியாது. ஒரு நாட்டின் தீர்மானம் அயல்நாடுகளின் தீர்மானமாகவும் ஆகிவிடும். உயிரியல் பல்வகைமைச் சமவாயத்தின் உறுப்பு நாடுகள் அதே ஆண்டு எகிப்தில் கூடி, இத்தகைய உயிரினங்களை விடுவதற்கு முன்னர் பாதிக்கப்படக்கூடிய பழங்குடி, உள்ளூர்ச் சமூகங்களின் சுதந்திரமான முன்சம்மதம் பொருத்தமான இடங்களில் பெறப்படவேண்டும் என்று தீர்மானித்தன. 'பொருத்தமான இடங்களில்' என்ற சொற்களுக்குள் எத்தனை பேரம் ஒளிந்திருக்கும் என்பது இராஜதந்திர மாநாடுகளைப் பற்றி எழுதியவர்களுக்குத் தெரியும். சம்மதம் என்பதும் எளிய விடயமல்ல. சத்திரசிகிச்சைக்கு முன்னர் நோயாளி கையொப்பமிடுகிறார். வேண்டாம் என்றால் எழுந்து போய்விடலாம். ஊருக்குள் விடப்படும் நுளம்பை வேண்டாம் என்று சொல்பவர் எங்கே எழுந்து போவது?

எதையுமே செய்யாமல் இருப்பதற்கும் ஒரு விலை உண்டு என்பதை எதிர்ப்பாளர்கள் சௌகரியமாக மறந்துவிடுகிறார்கள். உலகில் ஒவ்வொரு ஆண்டும் மலேரியாவினால் ஐந்து இலட்சத்துக்கும் அதிகமானோர் இறக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலானோர் ஆபிரிக்காவின் சிறு குழந்தைகள். புர்கினா பாசோ அந்தச் சாவுக்கணக்கில் முன்வரிசையில் உள்ள நாடுகளில் ஒன்று. அங்கு பானா என்ற கிராமத்தில் 2019 ஜூலையில் முதற்தடவையாக மரபணு மாற்றப்பட்ட மலட்டு ஆண் நுளம்புகள் விடப்படுவதற்கு முன்னர், ஆராய்ச்சியாளர்கள் ஊரவர்களுடன் பல வருடங்களாகப் பேசியிருந்தார்கள். டில்லியைவிட, கேமனைவிட அவர்கள் நேர்மையாக நடந்துகொண்டார்கள் என்றே சொல்வேன். ஆனால், 2025 இல் திட்டத்தை நிறுத்திய இராணுவ ஆட்சியாளர்கள் பானா மக்களிடம் எதையாவது கேட்டதாகத் தெரியவில்லை. நுளம்பை விடுபவர்களைப் போலவே தடுப்பவர்களும் ஊரின் பெயரிலேயே பேசுகிறார்கள்.

எமது நாட்டுக்கும் இதில் சம்பந்தமுண்டு. மலேரியாவையும் யானைக்கால் நோயையும் வெற்றிகொண்ட நாடு என்று 2016 இல் உலக சுகாதார ஸ்தாபனத்தினால் பாராட்டப்பட்ட இலங்கையில், அதற்கு அடுத்த வருடம் ஒரு இலட்சத்து 86 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்குக் காய்ச்சலினால் பீடிக்கப்பட்டார்கள். நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். இதையடுத்து, 2020 இல் கொழும்பின் சில பகுதிகளில் வொல்பாக்கியா பக்டீரியா ஏற்றப்பட்ட ஈடிஸ் நுளம்புகள் விடப்பட்டன. இது மரபணு மாற்றமல்ல. அந்த பக்டீரியா நுளம்புக்குள் டெங்கு வைரஸ் பெருகுவதைத் தடுக்கிறது. இந்தோனேசியாவின் யோக்யகார்த்தாவில் நடந்த ஆய்வில் அது டெங்கை 77 சதவீதத்தினால் குறைத்தது. நல்ல முறை என்றே நானும் கருதுகிறேன். ஆனால், மலட்டு ஆண்களைப் போலன்றி இவற்றில் கடிக்கும் பெண் நுளம்புகளும் உண்டு. இவை பெருகி ஊரிலேயே தங்கிவிட வேண்டும் என்பதுதான் நோக்கம். மரபணு மாற்றமல்ல என்ற ஒரு வாசகத்துடன் கேள்விகள் எல்லாம் முடிந்துவிடுவதில்லை. டில்லியின் கியூலெக்ஸும் மரபணு மாற்றப்பட்டதல்லவே.

டில்லிப் பிரிவின் வாரிசான புதுச்சேரி நிலையம், வொல்பாக்கியா ஏற்றப்பட்ட ஈடிஸ் ஈஜிப்டி நுளம்புகளைத் தான் உருவாக்கியிருப்பதாக 2022 இல் அறிவித்தது. சோனேபட்டில் விடப்படவிருந்த அதே இன நுளம்பு. வெளியில் விடுவதற்கு அரசாங்கத்தின் பல அனுமதிகள் தேவை என்று அப்போது கூறப்பட்டது. அனுமதி கேட்கும் கோவைகள் எந்தெந்த அலுவலகங்களுக்குப் போகும் என்பதை ஊகிக்கலாம். முதலாவது ஊர் எது என்பது தீர்மானிக்கப்படும்போது, அந்த ஊரவர்களுக்கு அது யாரால், நுளம்புக் கூண்டு திறக்கப்படுவதற்கு எத்தனை நாட்களுக்கு முன்னர் சொல்லப்படும் என்பதை அங்குள்ள செய்தியாளர் ஒருவர் இப்போதே கேட்டுவைக்கலாம்.